நிஜம், நாடகம், தூக்கம்

ஜூலை 8, செவ்வாய்

இன்றோடு எழுபத்துமூன்று நாள். இன்னும் பதினேழு நாளைத் தள்ளினால் சான்றிதழ். இருபத்தெட்டாம் தேதி அதைக் கோர்ட்டில் கொடுத்தால் வீடு, கொடுக்காவிட்டால் ஜெயில்.

வண்டிப் பெட்டியில் வலி மாத்திரை அட்டைகளோடு போலீஸ் என்னைப் பிடித்தபோது, எல்லாம் நானே போட்டுக்கொள்வதற்கு என்று சொன்னேன். போட்டுக்கொள்கிறவன் என்றால் வைத்தியம், விற்கிறவன் என்றால் வருஷக்கணக்கில் உள்ளே. பேக்கரி வேன் ஓட்டுகிறவன்தானே என்று நம்பிவிட்டார்கள். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த மையம் முன்பு கோழிப்பண்ணை. நீளமான ஷெட், இரண்டு பக்கமும் கம்பிவலை. மழை பெய்தால் தரையிலிருந்து பழைய நாற்றம் கிளம்பும். நாற்பத்தொரு ஆண்பிள்ளைகள் இதில் அடைந்து கிடக்கிறோம். நடத்துகிறவரைப் பெரியண்ணன் என்று கூப்பிட வேண்டும். அவரும் ஒரு காலத்தில் ஊசி போட்டுத் திரிந்தவர்தான். அதனால் எங்கள் பொய்யெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அவருக்கு ஒரு நினைப்பு.

இன்று சின்ன வெங்காயம் உரிக்கிற முறை. ஒரு சிப்பம், முழு மூட்டை. மதியம் களி. பேக்கரி முதலாளி கொடுத்த இந்தப் பாக்கெட் டைரி ஒன்றுதான் எனக்கென்று இருக்கிறது. மையத்தில் கொடுக்கிற நோட்டு வேறு, அதைப் பெரியண்ணன் படிப்பார். அதில் நான் திருந்திக்கொண்டே வருகிறேன்.

ஜூலை 10, வியாழன்

என்னைக் கயிற்றுத்துணை ஆக்கிவிட்டார்கள். தலையெழுத்து.

புதிதாக வருகிறவனைப் பத்து நாள் ஒரு பழைய ஆளோடு கயிற்றால் கட்டிப் போடுவது இங்கே வழக்கம். பனியன் துணிக் கழிவை முறுக்கித் திரித்த கயிறு, இரண்டு முழ நீளம். எழுதுகிற கை கட்டில்லாமல் இருக்கட்டும் என்று இரண்டு பேருடைய இடக்கையையும் கட்டுவார்கள். சாப்பாடு, கக்கூஸ், படுக்கை எல்லாம் சேர்ந்தே. முடிச்சை வார்டன் சேவியர் மட்டும்தான் அவிழ்க்கலாம்.

துணையாளிடம் ஒரு தாள் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. வேளைக்கு மூன்று கட்டம்: நிஜம், நாடகம், தூக்கம். புதியவன் வலி என்று கத்தினால் அது எந்தக் கட்டம் என்று துணையாள்தான் முடிவு செய்து டிக் போட வேண்டும். நிஜம் என்று போட்டால் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுப்பார்கள்.

பெரியண்ணன் வழக்கமான எச்சரிக்கையை இன்றும் சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டினார். "நிஜம்னு போட்டு, அங்க போயி நாடகம்னு தெரிஞ்சுதுன்னு வெச்சுக்க, உங்க ரெண்டு பேருக்குமே மறுபடி ஒண்ணாம் நாள்ல இருந்து. பார்த்துப் போடு சென்னியப்பா."

எழுபத்தைந்து நாளைத் தூக்கிக் குப்பையில் போட நான் என்ன பைத்தியமா.

வந்திருக்கிற ஆளுக்கு முப்பத்தாறு வயது இருக்கும். பெயர் குழந்தைவேல். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கொட்டாவியும் மூக்கொழுகலுமாக வந்து சேர்ந்தான். எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கிறது. எல்லா நோயாளி முகமும் ஒரே மாதிரிதான்.

ஜூலை 11, வெள்ளி

வாந்தி நான்கு முறை, பேதி எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் நானும் கூடவே எழுந்து போய்க் கதவுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கயிறு இழுக்கிற இழுப்பில் மணிக்கட்டில் தோல் போய்விட்டது. மூன்று வேளையும் நாடகம் என்று போட்டேன். அது நியாயமான டிக்தான், மாத்திரையை நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். யாரும் இதில் சாவதில்லை.

ஜூலை 12, சனி

எங்கேயோ பார்த்த முகம் இல்லை. தெரிந்த முகம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாளெல்லாம் கட்டிங் டேபிள் முன்னால் நின்றே வேலை, குனிந்து நிமிர முடியவில்லை என்றான். சீட்டு இருக்கிறதா என்றேன். இல்லீங்ண்ணா, டாக்டரைப் பார்க்கப் போனா ஒரு நாள் வேலை போயிருமுங்க என்றான். பாவப்பட்டு ஒரு மாத்திரை கொடுத்தேன். மறுநாள் வந்து, அண்ணா, தெய்வமுங்க நீங்க என்றான். பிறகு தினமும் வந்தான். பிறகு அட்டை அட்டையாக வாங்கினான். கடைக்காரன் என்றால் கேட்டதைக் கொடுப்பான். நான் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் கொடுத்திருப்பார்கள்.

இப்போது எனக்குத் தாடி இருக்கிறது. பன்னிரண்டு கிலோ இளைத்திருக்கிறேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருப்பான்.

இன்று சபை. சனிக்கிழமைதோறும் சபை. பத்தாம் நாளை எட்டியவன் நடுவில் நின்று தன் 'முதல் கை' யார் என்று சொல்ல வேண்டும். அதாவது அவனுக்கு முதன்முதலில் அதைக் கொடுத்தது யார் என்று. பெரியண்ணன் அந்தப் பெயர்களை எழுதி மாதக் கடைசியில் ஸ்டேஷனுக்கு அனுப்புகிறார். என் முறை வந்தபோது செத்துப்போன ஓர் ஆட்டோக்காரன் பெயரைச் சொன்னேன். அவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்.

குழந்தைவேலுவின் பத்தாம் நாள் வரும் சனிக்கிழமை. பத்தொன்பதாம் தேதி.

ஜூலை 14, திங்கள்

பேதி குறைந்துவிட்டது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் எல்லாரும் நோட்டு எழுத வேண்டும். இவன் எழுதுகிற எழுத்தைப் பார்த்தால் தாலுகா ஆபீஸ் ரைட்டர் தோற்றுப்போவான், அவ்வளவு எழுதுகிறான். எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டான். பத்து நாள் முடிந்ததும் பெரியண்ணன் இந்த நோட்டை வாங்கிப் படிப்பார்.

நேற்று அவன் கால் பிடித்துக்கொள்கிறது என்று துடித்தபோது, உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கலந்து இவ்வளவு அளவு, இத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இன்று அதை எடுத்தான்.

"அண்ணனுக்கு மருந்து விசயமெல்லாம் நல்லாத் தெரியுமாட்ட இருக்குதுங்."

"வேன் ஓட்டுறவனுக்கு என்னப்பா தெரியும். யாரோ சொன்னதைச் சொன்னேன்."

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சுகந்தி எழுதிய கடிதம் வந்தது. நாலே வரி. சான்றிதழ் இல்லாமல் வீட்டுப் பக்கம் வராதே, பிள்ளை பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கு அப்பா ஜெயிலில் என்ற பேச்சு வேண்டாம். என் பெண்டாட்டி இதைவிட நன்றாகத் திட்டக்கூடியவள். நாலு வரியில் நிறுத்தியதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்

துணி துவைக்கிற இடத்தில் கேட்டான்.

"சனிக்கிழமை சபையில பேரு சொல்லியே ஆகணுங்களா?"

"ஆமா. சொல்லாட்டி விட மாட்டாங்க. யார் பேரைச் சொல்லப் போறே?"

"அதை அன்னிக்கே சொல்லிக்கிறனுங்ண்ணா."

என் முகத்தையே பார்த்துச் சொன்னான். என் கையிலிருந்து சோப்பு நழுவித் தொட்டியில் விழுந்தது. அவனே குனிந்து எடுத்துக் கொடுத்தான். எடுத்துவிட்டு நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். நாலைந்து நாளாக அந்த இடத்தில் எரிச்சல் என்கிறான். வெறும் வயிற்றில் வருஷக்கணக்காகக் கண்ட வலி மாத்திரையையும் போட்டால் எரியாமல் என்ன செய்யும்.

நாளை டாக்டர் வருகிற நாள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஜூலை 17, வியாழன்

டாக்டர் காலையில் வந்தார். நாற்பது பேரை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டார். இவனுக்கு அமிலத்துக்கான மருந்து ஒரு பாட்டில். இனி அடுத்த வியாழன்தான் வருவார்.

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணி இருக்கும். கத்தியால் குத்துப்பட்டவனைப் போல ஒரே சத்தம், அப்படியே மடங்கி விழுந்தான். கயிறு என்னையும் சேர்த்து இழுத்துவிட்டது. வேர்வை ஆறாக ஓடியது. "ஐயோ அண்ணா, வயித்துக்குள்ள என்னமோ பிச்சுக்கிச்சுங்" என்று கத்தினான். நாற்பது பேரும் வேடிக்கை பார்த்தார்கள். நன்றாக நடிக்கிறான் என்று ஒருவன் கை தட்டினான்.

சேவியர் என் தாளை எடுத்துக்கொண்டு வந்தான். "என்ன சென்னியப்பா, எந்தக் கட்டம்?"

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

எட்டாம் நாளில் வலிக்கிறது என்று ஒருவன் விழுந்தால் இங்கே அதற்குப் பெயர் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே வலிக்கு ஊசி போடுவார்கள், அந்த ஊசிக்காக எவனும் விழுவான். போன மாதம் ஒருத்தன் நெஞ்சுவலி என்று போய், ஊசி வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான். அவனுடைய துணையாள் அறுபத்திரண்டாம் நாளிலிருந்து ஒன்றாம் நாளுக்குப் போனான். நான் எண்பத்திரண்டில் இருக்கிறேன்.

நாடகம் என்று போட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

கத்தல் நின்றுவிட்டது. காலையிலிருந்து மல்லாந்து, முழங்காலை மடக்கி, அசையாமல் படுத்திருக்கிறான். யாராவது பக்கத்தில் நடந்தால்கூட, மெதுவா போங்க என்று கண்ணால் கெஞ்சுகிறான். மூச்சை மேலாக, குட்டிக் குட்டியாக விடுகிறான்.

பெரியண்ணன் வந்து பார்த்து மகிழ்ந்துபோனார். "பார்த்தியா, ஒன்பதாம் நாளே அடங்கிட்டான். கவனிக்காம விட்டாத்தான் அடங்குவானுங்க. சபாஷ் சென்னியப்பா." காலை தூக்கம், மதியம் தூக்கம் என்று போட்டேன். இங்கே அமைதி என்றால் குணம். இந்த ஷெட்டில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

எதற்கோ அந்த லாரி டிரைவர் ஞாபகம் வந்தது. கடைக்கு வந்து, வயிறு வலித்தது, இப்போது பரவாயில்லை, ஒரு மாத்திரை கொடு என்று பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. மாத்திரை கொடுக்காமல், குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லி நானே ஆட்டோ பிடித்து அனுப்பினேன். குடல் ஓட்டையாகிவிட்டது, இன்னும் அரை நாள் விட்டிருந்தால் போயிருப்பார் என்றார்கள். பிழைத்து வந்து ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தார். அதெல்லாம் பழைய கதை.

மதியம் தண்ணீர் கேட்டான். துணியை நனைத்து உதட்டில் மட்டும் தடவினேன். குடிக்கக் கொடுக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, பழக்கதோஷம்.

நோட்டைக் கேட்டான். பேனாவைத் திறந்து விரலில் வைத்தேன். படுத்தபடி இரண்டு வரி எழுதி, நோட்டைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டான். எடுக்கப் பார்த்தேன், அவன் தலை அசைந்ததும் முனகினான். விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மெதுவாக, "அண்ணா" என்றான். என்னப்பா என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். நாளைக்குச் சபை. இந்த நிலைமையில் இவனை நடுவில் நிறுத்த மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மூன்றாவது டிக்கும் தூக்கம்.

ஜூலை 19, சனி

காலை டீ கொடுக்கிற நேரத்தில் குழந்தைவேல் செத்துப்போனான்.

எனக்குத்தான் முதலில் தெரிந்தது, கயிற்றில் அவன் கை கனத்தது. சேவியரைக் கூப்பிட்டார்கள். அவன் பால் வாங்கப் பைக்கில் போயிருந்தான். முடிச்சை அவன் மட்டும்தான் அவிழ்க்கலாம். எவனும் கிட்டே வரவில்லை. நாற்பது நிமிஷம் அந்தக் கையோடு உட்கார்ந்திருந்தேன். என் டம்ளரை யாரோ பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள், குடித்தேன். சேவியர் வந்தும் முடிச்சு இறுகிவிட்டதால் வெங்காயக் கத்தியால் அறுத்தான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பெரியண்ணன் டிக் தாளைக் காட்டினார். தூக்கம், தூக்கம், தூக்கம். அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். உடம்பு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

சபை இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

வயிற்றுப் புண் வெடித்துவிட்டதாம். இதை யாருமே கண்டுபிடித்திருக்க முடியாது என்று பெரியண்ணன் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்.

அவன் நோட்டைக் காணோம்.

ஜூலை 21, திங்கள்

சேவியரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அது துணிமணியோட அவங்க வீட்டுக்குப் போயிருச்சே. அவன் சம்சாரம் வந்து வாங்கிட்டுப் போச்சு" என்றான். பெரியண்ணன் படித்தாரா என்றேன். செத்தவன் நோட்டைப் படிச்சு என்ன பண்றது என்றான்.

மதியக் களியைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

அவள் நேராக ஸ்டேஷனுக்குப் போவாள். நானாக இருந்தால் போவேன்.

ஜூலை 24, வியாழன்

எண்பத்தொன்பதாம் நாள். காலை பத்தரைக்குச் சேவியர் வந்து, உன்னைப் பார்க்க ஒரு பொம்பளை வந்திருக்குது என்றான். சுகந்தி என்று நினைத்துப் போனேன். ஆபீஸ் ரூமில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நோட்டு.

பெயர் தமயந்தி. குழந்தைவேலுவின் மனைவி. ஓவர்லாக் டெய்லராம். அழுது முடித்த முகம். பெரியண்ணன் டாக்டரோடு ஷெட்டுக்குள் இருந்தார், ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"மருந்துக்கடைச் சென்னியண்ணன் நீங்கதானுங்களே."

"ஆமா அம்மிணி" என்றேன்.

"அவரு வந்த அன்னிக்கே உங்களை அடையாளம் கண்டுக்கிட்டாரு. இதுல எழுதி இருக்குது." நோட்டைப் பிரித்து, விரல் வைத்துப் படித்தாள். சத்தமில்லாத குரல். "'என்னைக் கட்டிப் போட்டிருக்கறது நம்ம மருந்துக்கடை அண்ணன். தாடி வெச்சிருக்காரு. தெரியாத மாதிரியே இருக்காரு. ஏதோ கேஸாம், பாவம். நானும் காட்டிக்கல.'"

பக்கத்தைத் திருப்பினாள்.

"'சனிக்கிழமை முதல் கை யாருன்னு கேப்பாங்களாம். எடுத்து வாயில போட்டது என் கைதானே. என் கைன்னு சொல்லிருவேன். அண்ணனுக்கும் புள்ளை குட்டி இருக்கும்.'"

வெளியில் யாரோ பைப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள், தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அதைப் படிக்கவில்லை, நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கோணலும் மாணலுமாக இரண்டு வரி. 'ரொம்ப வலிக்குது. பக்கத்துல அண்ணன் இருக்காரு, பயமில்ல. தொட்டுப் பார்த்தாரு, அவருக்குத் தெரியும்.'

"பத்து நாளைக்குப் போன் பண்ணக் கூடாது, எது சொன்னாலும் நம்பக் கூடாதுன்னு பெரியண்ணன் சொல்லித்தானுங்க சேர்த்துக்கிட்டாரு. நானும் பேசாம இருந்துட்டேன்" என்றாள். நோட்டை மூடிவிட்டு, "ஒண்ணு கேக்கோணுமுங்க. அதுக்குத்தான் வந்தேன். உங்களுக்குத் தெரியுமுங்களா அண்ணா?"

"தூங்கறாருன்னு நினைச்சேன் அம்மிணி" என்றேன்.

என்னையே பார்த்தாள். அவனைப் போலத்தான் பார்த்தாள், கோபம் இல்லாமல். கத்தியிருந்தால் பரவாயில்லை. என் சட்டையைப் பிடித்திருந்தால் பரவாயில்லை. எழுந்து நோட்டை என் கையில் வைத்தாள்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க. உங்க பேரு இருக்குது. யாரு கைலயாச்சும் சிக்குனா உங்களுக்கு ஆகாது. அவரே சொல்லலீங்க, நான் சொல்லி என்னாகப் போகுது."

வாசல் கேட் வரைக்கும் கூடப் போனேன். பஸ்சுக்கு நேரமாச்சுங் என்று நடந்துபோனாள். வெயில் கடுமையாக இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

தொண்ணூறு. காலையில் சமையல் முறை எனக்கு. நேற்று ராத்திரி மழையில் விறகு நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. அவன் நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து உள்ளே வைத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. டீ இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

பதினோரு மணிக்குச் சான்றிதழ். நடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று'. அதன் கீழே பெரியண்ணன் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'உடனிருந்த ஒரு நோயாளிக்குக் கடைசி மூச்சு வரை துணையாக இருந்தார்.' கோர்ட்டில் இது நன்றாக எடுபடும் என்றார். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். சுகந்திக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். நாளைக் காலை பிள்ளையோடு வந்து கூட்டிப் போகிறாளாம்.

அந்தப் பெண் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம், கையை வைத்ததுமே தெரியும்.

இந்த டைரியையும் நாளைக் காலை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.